பூஜையில் வைத்த ஒயின் கிளாஸ்

அத்தியாயம் 14

மாமனார் திட்டுவார், கத்துவார், தட்டைத் தள்ளிவிடுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் தனப்பிரியா அன்று உண்மையைச் சொன்னாள். சென்னிமலை அதில் ஒன்றையும் செய்யவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்தார், கையைக் கழுவினார், டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். திட்டுகிற மாமனாருக்குப் பதில் சொல்லலாம், அழுது காட்டலாம். டிவி பார்க்கிற மாமனாரை என்ன செய்வது?

அவள் சொன்ன உண்மை இதுதான். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே அவள் பார்க்கிற வேலை, கல்யாணத்தின்போது சொல்லப்பட்டது போல ‘உணவுப் பொருள் ருசி பார்ப்பது’ அல்ல. ஒயின் ருசி பார்ப்பது. வெளிநாட்டிலிருந்து வருகிற திராட்சை மதுவை முகர்ந்து, நாக்கில் வைத்து, அது எந்தத் திராட்சை, எந்தத் தரம் என்று சொல்வது. பொய்யைக் கட்டியவன் அவள் புருஷன் கௌசிக். அதை அவிழ்க்கிற வேலை மட்டும் அவள் தலையில் விழுந்தது.

அன்றிலிருந்து மல்லசமுத்திரத்தில் அந்த வீட்டில் மாமனாருக்கும் மருமகளுக்கும் பேச்சில்லை. காபி டம்ளரை வைத்தால் எடுத்துக்கொள்வார். “இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா மாமா?” என்றால் தலை மட்டும் ஆடும். அது வேண்டும் என்றா, வேண்டாம் என்றா என்பதை மாமியார் வசந்தாமணிதான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

இந்த லட்சணத்தில் ஆயுத பூஜை வந்து சேர்ந்தது.

போர்வெல் வண்டி வைத்திருக்கிற வீட்டில் ஆயுத பூஜைக்கு அப்புறம்தான் தீபாவளி எல்லாம். சென்னிமலைக்கு ரிக் வண்டி இரண்டு. மூன்று மாநிலத்து மண்ணையும் கழுவி இறக்கி, வீட்டுக்குப் பின்னால் களத்தில் மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். வாழைக்கன்று கட்டியாயிற்று. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் தயார். உடைப்பதற்குப் பூசணிக்காய் குங்குமத்தோடு காத்திருந்தது.

காலையிலிருந்து தனப்பிரியா மாமியாரோடு உட்கார்ந்து பன்னீர் ரோஜாவாகக் கட்டித் தள்ளினாள். வண்டிக்குப் போடுகிற மாலை சின்னதாக இருந்தால் வண்டி கோபித்துக்கொள்ளுமோ என்னவோ, ஒவ்வொன்றும் ஆள் உயரம். கை பூக் கட்டிக்கொண்டிருந்தாலும் காது போனிலேயே இருந்தது.

போன் வந்தது. பெங்களூரிலிருந்து அவளுடைய மேலதிகாரி குணசீலன்.

“தனப்பிரியா, மத்தியானம் ஞாபகம் இருக்கில்ல? இத்தாலியில ஆயுத பூஜைக்கெல்லாம் லீவு கிடையாது.”

“இருக்குங்க சார்.”

“மூணு பாட்டிலும் உங்ககிட்ட இருக்கு. லேபிள் கிடையாது. நாங்க வீடியோவுல பார்த்துட்டே இருப்போம், நீங்க ருசி பார்த்து எது எந்தத் திராட்சைன்னு சொல்லணும். அந்த ஒயின் பண்ற அம்மாவே லைன்ல வர்றாங்க. ஒண்ணு சொல்லிடறேன். மூணுல ஒண்ணு அவ்வளவா யாரும் கேள்விப்படாத ரகம். இதுல தேறினாத்தான் உங்களை நிரந்தரம் பண்ண முடியும். இல்லேன்னா இந்த மாசத்தோட சரி.”

தனப்பிரியா படிப்பில் நடுவாந்தரம். பாட்டு வராது. அவள் போட்ட கோலம் தெருப்பக்கம் சாய்ந்துகொண்டு போகும். உலகத்தில் மற்றவர்களைவிட அவளுக்கு நன்றாக வருகிற காரியம் ஒன்றே ஒன்றுதான், முகர்ந்து கண்டுபிடிப்பது. கோயமுத்தூரில் ஹோட்டல் படிப்புப் படித்தபோது அதை முதலில் கண்டுபிடித்தாள். அதுவும் கையை விட்டுப் போனால் தன்னிடம் சொல்லிக்கொள்ள என்ன மிச்சம் என்று நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

பூக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அறையில் அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டில் மூன்று சின்னப் பாட்டில்களும் இருந்தன. மேல்தட்டில் கிளாஸ் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் கிளாஸ் இல்லை.

ஆறு கிளாஸ். நீளக் காம்பு, வெங்காயச் சருகு போல மெல்லிசு. அந்த வடிவம் இல்லாவிட்டால் வாசம் மேலே வராது. முதல் சம்பளத்தில் வாங்கியவை.

படபடவென்று இறங்கிக் களத்துக்கு ஓடினாள். கௌசிக் வண்டியின் மேல் ஏறி மாவிலை கட்டிக்கொண்டிருந்தான்.

“என்ற கிளாஸை எடுத்தீங்களா?”

“நான் எதுக்கு எடுக்கறேன்?”

“அப்ப மாமாதான். தூக்கி எறிஞ்சுட்டாரு.”

“அப்பா அப்பிடியெல்லாம் பண்ண மாட்டாரு தனம்.”

“பின்ன அதுவா எந்திரிச்சு நடந்து போயிருச்சுங்களா?”

கௌசிக் அடுத்த மாவிலையை எடுத்துக் கட்டினான். அவன் அப்பா எதிர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று டயருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அழுகையை அடக்கிக்கொண்டு தனப்பிரியா உள்ளே வந்தாள். கூடத்தில் வசந்தாமணி சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். புகை விலகவும் பூஜைப் பலகை கண்ணில் பட்டது.

பலகையில் வாழையிலை விரித்து, பாறை துளைக்கிற பிட்டு, சுத்தியல், ஸ்பேனர் வரிசை, கௌசிக் ஆபீஸ் வேலை பார்க்கிற லேப்டாப், வசந்தாமணியின் அருவாமனை. அதற்கு அடுத்தாற்போல் அவளுடைய ஆறு ஒயின் கிளாஸ். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். உள்ளே ஒவ்வொரு கைப்பிடி பொரி.

“என்னையப் பாக்காத சாமி, நானில்ல,” என்றாள் வசந்தாமணி. மருமகள் அவளுக்கு எப்போதும் ‘சாமி’தான். “உங்க மாமாதான். விடியறதுக்கு முன்னாலயே நீங்க ரண்டு பேரும் கோயிலுக்குப் போயிருந்தப்ப மேல போயி ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்தாரு. ‘மூச்சு உட்டா ஒடைஞ்சிரும் போல இருக்குது வசந்தா’ன்னு துண்டுல தொடச்சுத் தொடச்சு வெச்சாரு.”

“மாமாவா?”

“நானுங் கேட்டேன். பேச்சே இல்லாம இருக்கறீங்க, இது என்னத்துக்குன்னு. ‘இந்த ஊட்டுல ஆரு எதுல சம்பாரிச்சாலும் அது பூசைக்கு வரோணும். மருமக பொழப்பு மட்டும் வெளிய நிக்கறதா’ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு.”

தனப்பிரியாவுக்கு அடக்கி வைத்த அழுகை இப்போது வேறு காரணத்துக்காக வந்தது. அவள் அப்பா வீட்டில்கூட இந்த வேலையை யாரும் வேலை என்று சொன்னதில்லை. ‘கல்யாணம் வரைக்கும் பொழுது போகட்டும்’ என்றுதான் விட்டார்கள். பேசாத மனிதர் பிட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துடைத்த பிறகுதான் விஷயம் உறைத்தது.

“அத்தை, மத்தியானம் பரீட்சைங்க. இந்த கிளாஸ் எனக்கு வேணுமே?”

வசந்தாமணியின் முகம் மாறியது. “பூசைல வெச்சத நாளைக்குக் காத்தாலதான் எடுக்கோணும் சாமி. ஒருக்காப் பூசையன்னைக்கு, போர் போட ரண்டு பங்கு பணம் தாரேன்னு ஒருத்தன் வாசல்ல வந்து நின்னப்பவே உங்க மாமா வண்டிய எடுக்கல.”

கௌசிக் பின்னாலேயே வந்திருந்தான். “ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ தனம். அப்பா களத்துல இருக்கறாரு. ஆறு அஞ்சாப் போனா ஆருக்குத் தெரியப் போவுது?”

“வேண்டாங்க.”

“வேலையே போயிரும்ங்கற!”

“போனாப் போவட்டும். என்ற தொழில தொழில்னு இன்னைக்குத்தான் ஒருத்தரு ஒத்துக்கிட்டிருக்கறாரு. அத நானே கலைக்கறதா?”

வசந்தாமணி சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு பீரோப் பக்கம் போனாள்.

“டேய் கௌசிக்கு, அந்த ஸ்டூல எடுத்துட்டு வா.”

பீரோவின் உச்சியில், கல்யாணத்துக்கு வந்த பரிசுகள் பிரிக்கப்படாமல் அடுக்கியிருந்தன. கடிகாரம் ஒன்பது, குத்துவிளக்கு ஏழு, ஜூஸ் கிளாஸ் செட்டுக்குக் கணக்கே இல்லை. அதில் ஒன்றைப் பிரித்தாள். தடித்த கண்ணாடி. சுற்றிலும் தங்க நிறப் பூ. கூடவே அந்துருண்டை வாசம்.

தனப்பிரியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருந்தாலும் இரண்டு கிளாஸை வெந்நீரில் கழுவினாள், திரும்பவும் கழுவினாள், அந்துருண்டை போகிறவரை கழுவினாள்.

அடுத்த சிக்கல் வீடு. சாம்பிராணி, சந்தனம், கற்பூரம், ரோஜா, நெய். இந்த வீட்டில் உட்கார்ந்து ஒயினை முகர்வது, திருவிழாக் கூட்டத்தில் நின்று ரகசியம் கேட்பது போல. தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்விடலாம், அங்கே சிக்னலும் கிடைக்கும் என்றான் கௌசிக்.

பாட்டில்களைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது வசந்தாமணி வாசல் வரை வந்தாள். களத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அந்தப் பை உங்க மாமா கண்ணுல படாம எடுத்துட்டுப் போ சாமி.”

“பாத்தா இன்னும் கோவப்படுவாருங்களா அத்தை?”

“கோவமா…” என்று இழுத்தாள் வசந்தாமணி. “செரி, நேரமாவுது. போ.”

கௌசிக் அவசர அவசரமாக பைக்கை உதைத்தான்.

மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் மோட்டார் ரூம். தனப்பிரியா தலையிலிருந்த பூவைக் கழற்றி வரப்பில் வைத்தாள். தொட்டித் தண்ணீரில் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். ஸ்டார்ட்டர் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்தாள். துப்புவதற்கு ஒரு பக்கெட். கௌசிக், “நான் இருந்தா உனக்குக் கை நடுங்கும்,” என்று சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் போய்விட்டான்.

போனில் குணசீலன் தெரிந்தார். பக்கத்துக் கட்டத்தில் நரைத்த தலைமுடியோடு ஓர் இத்தாலிக்காரப் பெண்மணி. தங்கப்பூப் போட்ட கிளாஸைப் பார்த்து அந்த அம்மாளின் புருவம் உயர்ந்தது. குணசீலன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதல் பாட்டில் சுலபம். அடர்ந்த நிறம், வாயில் வைத்ததும் தாடை கூசுகிற புளிப்பு. நாக்கில் உருட்டி, பக்கெட்டில் துப்பி, “பார்பெரா” என்றாள். இரண்டாவதில் செர்ரிப் பழமும் காய்ந்த இலையும். “சாஞ்சோவேசே.” இவை இரண்டும் இத்தாலியில் ஊருக்கு ஊர் இருக்கிற திராட்சைகள். குணசீலன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மூன்றாவது பாட்டிலை ஊற்றினாள். வெளிறிய சிவப்பு. கிளாஸைச் சுழற்றி மூக்கருகில் கொண்டுபோனாள்.

ரோஜா.

சாதாரண ரோஜா அல்ல, பன்னீர் ரோஜா. காலையிலிருந்து கட்டினாளே, அதே பூ.

தனப்பிரியா கிளாஸைக் கீழே வைத்தாள். கையை முகர்ந்தாள். கழுவியும் விரலிடுக்கில் லேசாக ரோஜா இருந்தது. புடவையை முகர்ந்தாள். அதிலும் ரோஜா. ஒயினில் இருப்பது ஒயினுடைய வாசமா, இவள் கொண்டு வந்ததா? இல்லாத வாசத்தைச் சொன்னால் மானம் போகும். இருக்கிற வாசத்தைச் சொல்லாமல் விட்டால் வேலை போகும்.

“ஏதாவது பிரச்சினையா?” என்றார் குணசீலன்.

“ஒரு நிமிஷம் குடுங்க சார்.”

வெளியே வந்து காற்றை இழுத்தாள். முழங்கையின் உள்மடிப்பில் மூக்கை வைத்து வெறும் தோலின் வாசத்தை முகர்ந்தாள். மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவர்கள் தொழிலில் செய்கிற காரியம் அது. உள்ளே வந்தாள். இன்னொரு கிளாஸில் முதல் பாட்டிலை மறுபடி ஊற்றி, அதே கையால் பிடித்து முகர்ந்தாள். புளிப்புத்தான் வந்தது, ரோஜா இல்லை. கையில் இருக்கிற ரோஜாவாக இருந்தால் இதிலும் அடிக்க வேண்டுமே?

மூன்றாவதை எடுத்தாள். ரோஜா. அதற்குப் பின்னால், இப்போது தெளிவாக, அப்போதுதான் இடித்த மிளகு.

வாயில் வைத்தாள். நாவல்பழம் தின்றால் நாக்கு வறண்டு பிடித்துக்கொள்ளுமே, அந்தத் துவர்ப்பு. ரோஜா மணக்கிற பிரபலமான திராட்சை ஒன்று இத்தாலியில் உண்டு, நெப்பியோலோ. அதுவாக இருந்தால் துவர்ப்போடு புளிப்பும் தூக்கலாக நிற்க வேண்டும். இதில் புளிப்பு அடங்கித்தான் இருந்தது. கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. துப்பினாள்.

பயிற்சியின்போது ஒரே ஒரு முறை, ஒரு மூடி அளவு கொடுத்தார்கள். இத்தாலியின் வடக்கே ஏழெட்டு மலைக் கிராமங்களில் மட்டும் விளைகிற திராட்சை, கிட்டத்தட்ட அழிந்துபோய் மீண்டது என்று சொன்னார்கள்.

“ருக்கே,” என்றாள்.

அந்த இத்தாலிக்கார அம்மாள் மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ரோஜாவை வைத்து. எங்கள் வீட்டில் இன்று இந்தப் பூவைத்தான் லாரிக்கு மாலையாகப் போட்டோம்,” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள் தனப்பிரியா.

“லாரிக்கா?” என்று அந்த அம்மாள் திருப்பித் திருப்பிக் கேட்டாள். குணசீலனுக்கு விளக்கவே தெரியவில்லை.

அந்த அம்மாள் விடைபெற்ற பிறகு குணசீலன் உற்சாகமாகச் சொன்னார். “நீங்க நிரந்தரம், தனப்பிரியா! அடுத்த வாரத்திலேர்ந்து சாம்பிள் பெட்டி நேரா உங்க வீட்டுக்கே வந்துடும். லைசென்ஸ், அனுமதி எல்லாம் வாங்கியாச்சு. ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு பாட்டில். ஒரு அலமாரி காலி பண்ணி வைங்க.”

போனை அணைத்துவிட்டு ஆனந்தமாகத் திரும்பினாள். வாசலில் சென்னிமலை நின்றுகொண்டிருந்தார்.

கையில் இலையில் மடித்த பொரியும் சுண்டலும். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவருக்குப் பின்னால் கௌசிக், திருட்டு முழி முழித்துக்கொண்டு.

“அத்தனையும் துப்பிப்போட்டியா சாமி?”

இத்தனை நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

“ஆமாங்க மாமா. முழுங்கினா மூணாவதுக்கு மூக்கு வேலை செய்யாதுங்க.”

“துப்பறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?”

“துப்பறதுக்கு முன்னால சொல்றதுக்குங்க.”

அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளுக்குத் தைரியம் வந்தது.

“வேலை நிரந்தரம் ஆயிருச்சுங்க மாமா. நீங்க கிளாஸைப் பூசைல வெச்ச நேரம். உள்ள வாங்க.”

“வேண்டாஞ் சாமி. இங்கயே நிக்கறேன்.”

அப்போதுதான் கவனித்தாள். அவர் கால் நிலைப்படிக்கு வெளியிலேயே இருந்தது. கண் அவள் மேல் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே, பாதி மீந்திருந்த அந்த மூன்றாவது பாட்டில்மேல் இருந்தது.

“என்ற மேல கோவம்னு தெரியுமுங்க மாமா. பொய் சொன்னது தப்புதான்…”

“கோவமா? ஆரு சொன்னா?” அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். “நீ இவகிட்ட இன்னும் சொல்லலியாடா?”

கௌசிக் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் குடிச்சவன் சாமி,” என்றார் சென்னிமலை. “கொஞ்ச நஞ்சமில்ல. ஒரு வண்டி அதுலயே போச்சு. இவன் பன்னெண்டாவது படிக்கறப்ப நிறுத்துனது, இன்னைக்கு வரைக்கும் வாய் வெக்கல. பொண்ணு பாக்க வந்தப்பவே உங்கப்பங்கிட்டச் சொல்லிப்போடலாம்னேன். பழசு எதுக்குன்னு இவங்க உடல.”

தனப்பிரியா பாட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் நகர்ந்து நின்றாள்.

“அன்னைக்கு நீ சொன்னப்ப எனக்குக் கோவம் வரல. பயந்தான் வந்துச்சு. ஊட்டுக்குள்ளயே இருக்குதுன்னு தெரிஞ்சு போச்சல்ல. அப்பறம் சோறு எறங்கல, பேச்சும் வரல. இன்னைக்குக் காத்தால கிளாசு எடுக்க அலமாரியத் தொறந்தேன். அடித்தட்டுல மூணும் நிக்குது. மூடிப்போட்டு வந்துட்டேன் சாமி.” அவர் எச்சிலை விழுங்கினார். “இன்னைக்கு வந்துட்டேன்.”

“மாமா, நான் இந்த வேலை வேண்டாம்னு சொல்லீர்றேனுங்க. இப்பவே சொல்லீர்றேன்.”

போனை எடுக்கப்போன கையை அவர் சைகையால் தடுத்தார்.

“பூசைல வெச்ச பொழப்ப வேண்டாம்னு சொல்றதா? சொல்லக் கூடாது. பொட்டி வாரதுன்னா வரட்டும்.”

இலை மடிப்பைக் குனிந்து நிலைப்படியில் வைத்தார். வரப்பில் இறங்கி நான்கு எட்டு நடந்தவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“எந்த அலமாரில வெக்கறேன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லீராத சாமி.”